பாதி இறங்கிய ஷட்டர்

உலகத்தில் எந்த மூலையில் துப்பாக்கி வெடித்தாலும் அதற்கு இவளிடம் பதில் இருக்கும் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். கல்யாண வீட்டில் கைகழுவப் போகிறவளை மறித்து, "ஏம்மா, போர் வருமா? வர்றதா இருந்தா இப்பவே சொல்லு, வீடு கட்டுறதைத் தள்ளிப் போட்டுடறேன்" என்பார் ஒரு பெரியப்பா. "எனக்கு எப்படிப் பெரியப்பா தெரியும்?" என்றால், "பின்னே இத்தனை வருஷமா என்னத்தைப் படிச்ச?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். சித்தி ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே. "சர்வதேச உறவெல்லாம் படிச்சு என்ன பிரயோஜனம், சொந்த உறவுல ஒரு விசேஷத்துக்கு நேரத்தோட வந்ததில்ல" என்று நாலு பேர் நடுவில் போட்டு உடைப்பாள். இவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாள்.

மாணவர்கள் வைத்த பெயர் ஷட்டர் மேடம். வாரத்தில் இரண்டு நாள் கல்லூரியில் மரபுசாராப் போர் பற்றிப் பாடம் எடுப்பாள். அதாவது, சீருடை இல்லாத, எல்லைக்கோடு இல்லாத, யார் போராளி யார் மாவு அரைக்க வந்தவன் என்று கண்டுபிடிக்க முடியாத சண்டை. பையன்கள் பீரங்கி, ஏவுகணை என்று ஆசையாக நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவள் வந்து, "துப்பாக்கியைப் பார்க்காதீங்க. கடைத்தெருவுல ஷட்டர் எப்படி இருக்குன்னு பாருங்க" என்று ஆரம்பிப்பாள். கடைக்காரன் பயந்தால் முழுசாகச் சாத்த மாட்டான், வியாபாரம் போய்விடும். முழுசாகத் திறக்கவும் மாட்டான். பாதி இறக்கிவிட்டு, குனிந்து வருகிறவர்களுக்கு மட்டும் சாமான் கொடுப்பான். அந்தப் பாதி ஷட்டரைப் பற்றியே ஒரு தடித்த ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் வாங்கியவள் அவள். கல்யாணமான புதிதில் கணவனும் மனைவியுமாக வெளியூர் சுற்றிப் பார்க்கப் போனபோதுகூட, அருவியை விட்டுவிட்டு ஒரு செருப்புக் கடைக்காரரிடம் எப்போதெல்லாம் கடையைச் சாத்துவார் என்று விசாரித்துக்கொண்டு நின்றாளாம். அதை அவள் கணவர் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டுவார்.

இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்றால், சின்ன வயதில். ஒரு மத்தியானம் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவளை அம்மா கையைப் பிடித்து இழுத்து வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினாள். பார்த்தால் தெரு முழுக்கக் கதவு சாத்தியிருக்கிறது. ஒரு சத்தம் இல்லை, போலீஸ் வண்டி இல்லை, ரேடியோவில் வழக்கம்போல் பாட்டு ஓடுகிறது. "யாரும்மா சாத்தச் சொன்னாங்க?" என்று கேட்டாள். "யாரும் சொல்லல. தெரியும். பேசாம உட்காரு" என்றாள் அம்மா. சாயங்காலம் இரண்டு தெரு தள்ளி பஸ்ஸைக் கொளுத்தினார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் எரிந்த பஸ்ஸைப் பற்றிப் பேசின. இவளுக்கு மட்டும், பஸ் எரிவதற்கு முன்னாலேயே தெருவுக்கு எப்படித் தெரிந்தது என்பது மண்டையைக் குடைந்தது. பால்காரரைக் கேட்டாள், தையல் வாத்தியாரைக் கேட்டாள், அடியும் வாங்கினாள். ஒருத்தரும் சரியாகச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு நாகரிகமான பெயர் வைத்து, அதைப் படிப்பதற்குச் சம்பளமும் தருகிற இடம் ஒன்று உண்டு என்று தெரிந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

அந்த இடம் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்த ஆய்வு மையம். அரசியல் அபாயத்தை அளந்து கம்பெனிகளுக்குச் சொல்வது அதன் பிழைப்பு. பெரிய மேசை, ஆடும் நாற்காலிகள், சுவர் முழுக்க உலக வரைபடம், எப்போது பார்த்தாலும் பழுதாகி நிற்கும் லிஃப்ட். இயக்குநர் ஓய்வுபெற்ற தூதர். எந்த நாட்டின் பெயரைச் சொன்னாலும், "நான் அங்கே இருந்தப்ப" என்று தொடங்குவார். தொலைக்காட்சியில் கோட்டு மாட்டிக்கொண்டு, நடந்து முடிந்ததை நடக்கப் போவதாகச் சொல்கிற நிபுணர்கள் இருக்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் அவருக்கு நிரந்தர நாற்காலி உண்டு. மேடத்தைக் கூப்பிட்டால் போக மாட்டாள். "எனக்குத் தெரிஞ்சது நாலு கடைதாங்க. அதை வச்சு அரைமணி நேரம் பேச முடியாது" என்பாள்.

நாலு கடை என்றது உண்மைதான். எல்லைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஓர் ஊர். மேலே மலையில் ஆயுதக்காரர்கள், கீழே முகாமில் பட்டாளம், நடுவில் மாட்டிக்கொண்ட சனங்கள். மொழி இரண்டு பக்கமும் ஒன்றுதான், இழுவை மட்டும் வேறு. அந்த ஊரில் ஒரு சலூன்காரர், ஜன்னல் கண்ணாடி விற்கிறவர், தையல்கார அம்மா ஒருத்தி, பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருந்தவர். ஆய்வேட்டுக்காகப் போயிருந்தபோது பழக்கமானவர்கள். பேப்பரில் ஏதாவது வாடை அடித்தால் இவள் அந்த நாலு பேருக்கும் போன் போடுவாள். கடை திறந்திருக்கா, ஷட்டர் முழுசா மேல இருக்கா, யாராவது புதுக் கண்ணாடி போடுறாங்களா, புதுத் துணி தைக்கக் கொடுக்குறாங்களா என்று கேட்பாள். அடி வாங்கப் போகிறோம் என்று நினைக்கிறவன் ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட மாட்டான் அல்லவா? என்ன செய்தீர்கள் என்று மட்டும்தான் கேட்பாள். ஏன் செய்தீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டால் அரசியல் பேச வேண்டிவரும், போனில் அரசியல் பேசினால் அவர்களுக்கு ஆபத்து. அது அவளாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இப்படிக் கேட்டுத்தான் மூன்று தடவை, நடப்பதற்கு முன்னாலேயே சரியாகச் சொன்னாள். அதனால் அந்த ஊருக்குப் போகும் லாரிகளுக்கு இன்சூரன்ஸ் கொடுக்கும் கம்பெனி, அவள் சொன்ன நிறத்தை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. பச்சை என்றால் லாரி போகும். மஞ்சள் என்றால் பகலில் மட்டும் போகும். சிவப்பு என்றால் இன்சூரன்ஸ் கிடையாது. இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த லாரி முதலாளியும் வண்டியை எடுக்க மாட்டார்.

இந்தத் தடவை பேப்பரில் ஒன்றுமே இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரம், ஒரு நிறம் சொல்லுங்கள் என்று இன்சூரன்ஸ் அதிகாரி கேட்டிருந்தார். சடங்குக்காகத்தான் காலையில் போனை எடுத்தாள்.

"கடை திறந்திருக்கீங்களா?"

"திறந்திருக்கேன் மேடம்" என்றார் சலூன்காரர்.

"ஷட்டர் முழுசா மேல இருக்கா?"

"முழுசா இருக்கு." கத்திரிக்கோல் சத்தம் நின்றது. "ஏன் மேடம்?"

"ஒண்ணும் இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா என்ற சொல்லை இதுவரை நம்பியவர் யாராவது உண்டா? மாமியார் சும்மா வந்தேன் என்றால் வீடு பதறுகிறது. வீட்டுக்காரர் சும்மா பார்க்க வந்தேன் என்றால் வாடகை ஏறப் போகிறது. இவ்வளவு படித்தவளுக்கு இது தெரியவில்லை. கண்ணாடிக்காரரையும் அதே மாதிரி சும்மா கேட்டாள். தையல்கார அம்மாவைச் சும்மா கேட்டாள். எல்லாம் நன்றாக இருந்தது. பச்சை என்று எழுதிவிட்டு, எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று மத்தியானம் கண்ணாடிக்காரருக்குப் போட்டால், "பாதி இறக்கிட்டேன் மேடம்" என்றார். இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தையல்கார அம்மா மிஷினை உள் அறைக்கு நகர்த்தியாகிவிட்டது. டீக்கடைக்காரர் பெஞ்சை எல்லாம் எடுத்து உள்ளே போட்டுவிட்டார். மறுநாள் கேட்டால் தெரு முழுக்கப் பாதி ஷட்டர். இவள் பச்சையை அடித்துவிட்டுச் சிவப்பு என்று எழுதிக் கொடுத்தாள்.

இயக்குநருக்கு வாயெல்லாம் பல். "உலகத்துல ஒரு பத்திரிகைக்குத் தெரியல, நமக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றார். அடுத்த வாரம் கூட்டம், அதில் சிவப்பை உறுதி செய்தால் லாரிகள் அடியோடு நின்றுவிடும். அதுவரைக்கும் எந்த முதலாளியும் வண்டியை எடுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. குண்டு இல்லை, கடத்தல் இல்லை, சுவரில் ஒரு நோட்டீஸ்கூட இல்லை. பட்டாளம் மட்டும் கடைத்தெருவில் மணல் மூட்டை அடுக்கியது. "பார்த்தீங்களா!" என்றார் இயக்குநர். மேடம் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். மணல் மூட்டை வந்தது ஷட்டர் இறங்கிய பிறகு. அப்படியானால் பட்டாளமே கடையைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறது. கடைகள் யாரைப் பார்த்துப் பயந்தன? யார் சொன்னது? நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இங்கே புகை கண்ணைக் கரிக்கிறது, நெருப்பை எங்கே தேடியும் காணவில்லை. அவள் சாப்பிடும்போதும் அதையே நினைத்தாள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் ஏதோ கேட்க, "முதல்ல சாத்தினது யாருடீ?" என்று பதில் சொன்னாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா, விடும்மா, அவளுக்கு ஊர் ஞாபகம் என்று கண்ணாலேயே சொன்னார்.

அந்த அப்பா பல் செட் செய்கிறவர். இரண்டு தெரு தள்ளி ஒரு கடை வரிசையில் அவருடைய கடை. அச்சு எடுத்த பற்கள் வரிசையாகக் காயவைத்திருக்கும், உள்ளே நுழைந்தால் பத்துப் பேர் ஒன்றாகச் சிரிப்பது போல இருக்கும். ஒரு பக்கம் சாவி வெட்டுகிறவர், மறு பக்கம் ஜெராக்ஸ் கடை, அதற்கப்புறம் பாத்திரக் கடை, சைக்கிள் கடை. அமைதியான வரிசை. அங்கே கடைசியாக நடந்த கலவரம், சைக்கிள் கடைக்காரரின் சேவல் பாத்திரக் கடைக்குள் புகுந்தது.

மேடம் அன்றைக்கு லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள். அச்செடுக்க வேண்டிய பக்கங்கள் இருந்தன, பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது. வரும்போது வாங்கி வரச் சொல்லலாம் என்று கணவருக்குப் போன் போட்டாள். வாயில் பழக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது.

"என்னங்க, கடை திறந்துதானே இருக்கு?"

"திறந்துதான் இருக்கு. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல, சும்மா" என்று அவள் ஆரம்பிக்கும்போது போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது. சார்ஜரைத் தேடி எடுத்துச் செருகுவதற்குள் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் கணவர். கையெல்லாம் பல் அச்செடுக்கிற வெள்ளை மாவு, நெற்றியில் வியர்வை, காலில் ஒரு செருப்புதான் இருக்கிறது.

"என்ன ஆச்சு? குழந்தைக்கு என்ன?"

"ஒண்ணும் ஆகலையே. பிரிண்டருக்கு மை தீர்ந்துபோச்சு."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். மூச்சு வாங்கியது. "மையா! நீ பகல்ல எனக்கு எப்பம்மா போன் பண்ணியிருக்க? உங்க அப்பா விழுந்தப்ப ஒண்ணு, குழந்தை மண்டையை உடைச்சுக்கிட்டப்ப ஒண்ணு. நீ போன் பண்ணாலே யாருக்கோ அடி பட்டிருக்குன்னு அர்த்தம். இதுல கடை திறந்திருக்கான்னு கேட்டுட்டுப் போனை வேற வைக்கிற. ஷட்டரை இழுத்துவிட்டுட்டு ஓடி வர்றேன்!"

மேடம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பை மாட்டினாள். "வாங்க, கடைக்குப் போகலாம்" என்றாள். "எதுக்கு?" என்று அவர் கேட்பதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.

கடை வரிசையைப் பார்த்ததும் அவள் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள். போனில் கேட்டே பழகிய காட்சி முதல் தடவையாகக் கண் எதிரில் இருந்தது. சாவிக்காரர் ஷட்டர் பாதி. ஜெராக்ஸ் கடை பாதி. பாத்திரக் கடை வெளியே தொங்கவிட்ட குடங்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. சைக்கிள் கடைக்காரர் சேவலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று, "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க சாத்தினீங்க?" என்றாள் மேடம்.

"ஜெராக்ஸ்காரரு சாத்தினாரே" என்றார் பாத்திரக் கடைக்காரர்.

ஜெராக்ஸ்காரர் சாவிக்காரரைக் கைகாட்டினார். சாவிக்காரர், "பல்லுக்காரரு இருபது வருஷமா இங்க கடை வச்சிருக்காரு மேடம். ஒரு நாள் நடுவுல சாத்தினதில்ல. இன்னைக்கு ஒத்தைச் செருப்போட ஓடுறாரு. அவருக்கு என்ன தெரியுமோ, வீட்டுல படிச்சவங்க இருக்காங்க, ஏதோ சொல்லியிருப்பாங்கன்னு நானும் இறக்கிட்டேன்" என்றார்.

கணவர் தலையைச் சொறிந்துகொண்டு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் திட்டிக்கொண்டே ஷட்டரைத் தூக்கினார்கள். மேடம் பல் அச்சுகளுக்கு நடுவே ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், வெட்கத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து ஒளிந்து விளையாடிய ஆள் கதவுக்குப் பின்னால் மூச்சு விடுவது கேட்டால் எப்படி இருக்கும்! கணவரின் போனை வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த எண்ணை அழுத்தினாள்.

"நான்தாங்க, மேடம் பேசுறேன்."

சலூன்காரர் குரலை இறக்கினார். "புது நம்பர்லேருந்தா? இன்னும் ஏதாவது வருதா மேடம்?"

"ஒண்ணும் வரல. ஒரே ஒரு கேள்விங்க. அன்னைக்கு ஷட்டரை ஏன் இறக்கினீங்க?"

அந்தப் பக்கம் கத்திரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "என்ன மேடம் இப்படிக் கேக்குறீங்க? நீங்கதானே சொன்னீங்க."

"முழுசா மேல இருக்கான்னுதானே கேட்டேன். இறக்குங்கன்னா சொன்னேன்?"

"எல்லை தாண்டி ஒருத்தங்க மெனக்கெட்டுப் போன் பண்ணி ஷட்டர் முழுசா மேல இருக்கான்னு கேட்டா, அதுக்கு என்ன மேடம் அர்த்தம்? மூணு தடவை கேட்டீங்க. மூணு தடவையும் ரெண்டு நாள்ல வெடிச்சுது. போன தடவை பாலம். அதுக்கும் சும்மான்னுதான் சொன்னீங்க. கண்ணாடிக்காரர்கிட்டப் போய் எனக்குப் போன் வந்துச்சுன்னேன், எனக்கும் வந்துச்சுன்னாரு. ரெண்டு பேருக்கு வந்தா அது சும்மாவா?"

"ஐயோ, அப்பல்லாம் நான் பேப்பர்ல பார்த்துட்டுக் கூப்பிட்டேங்க."

"எங்களுக்கு ஏது மேடம் பேப்பர்? எங்களுக்கு நீங்கதான்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டாள். "இந்தத் தடவை என்கிட்ட ஒரு சேதியும் இல்லைங்க. நீங்க என்ன பண்றீங்கன்னு கேட்டுத்தான் நான் எழுதுறதே. நீங்க சாத்தினீங்க, அதைப் பார்த்து ஆபத்துன்னு எழுதிட்டேன்."

"இருங்க, இருங்க. நாங்க உங்களைப் பார்த்துச் சாத்துறோம். நீங்க எங்களைப் பார்த்துப் பயப்படுறீங்க. நடுவுல யாருமே இல்லையா?"

"யாருமே இல்லைங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "என் கடை வாசல்ல மணல் மூட்டை மேடம்! துப்பாக்கியோட ரெண்டு பேரு நிக்கிறாங்க! நாங்க சாத்துறதைப் பார்த்துட்டு மலைக்காரங்க வேற, பட்டாளம் மேல ஏறப் போகுதுன்னு ரெண்டு கிராமத்தைக் காலி பண்ணிட்டாங்களாம்." சட்டென்று சிரிப்பு அடங்கியது. "லாரி வராதுன்னு பேசிக்கிறாங்க. மாவு மூட்டையைப் பதுக்கிட்டாங்க. என் சம்சாரத்துக்குச் சக்கரை வியாதி. ஊசி மருந்து அந்த லாரியிலதான் வரணும். நாலு நாளா மிச்சம் பிடிச்சுப் பாதி பாதியாப் போட்டுக்கிறா." பிறகு கேட்டார். "அப்ப திறந்துடலாமா மேடம்?"

ஒரு ஆள் சாத்து என்று சொல்லி ஊர் சாத்தினால், அந்த ஊரை ஆள்கிறவன் அவன்தான் என்று அவள் ஆய்வேட்டில் எழுதியிருந்தாள். அதற்காகத்தான் மலைக்காரர்கள் இத்தனை வருஷமாகக் கண்ணிவெடி புதைத்தார்கள், பட்டாளம் இத்தனை முகாம் போட்டது. அவர்கள் இரண்டு பேராலும் முழுசாக முடியாததை இவள் ஒரு போனையும் ஒரு சும்மாவையும் வைத்துச் செய்து முடித்திருக்கிறாள். இப்போது திற என்றும் அவளே சொல்ல வேண்டுமாம். திற என்று சொல்லி நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால்? மணல் மூட்டைக்குப் பின்னால் நிற்கிறவன் கையில் இருப்பது பொம்மைத் துப்பாக்கி இல்லையே. அவளுக்குப் பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "சத்தியமா ஒண்ணும் தெரியாது. உங்க ஊரைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதைவிட எனக்குக் கம்மியாத்தான் தெரியும். மத்தவங்ககிட்டயும் அப்படியே சொல்லிடுங்க. இனிமே நான் கூப்பிட மாட்டேன்."

"ஐயையோ, அந்தக் காரியம் மட்டும் பண்ணிடாதீங்க" என்றார் அவர். "கூப்பிடாம இருந்தா, மேடத்துக்கு ஏதோ பெருசாத் தெரிஞ்சிருக்கு, அதான் வாயைத் திறக்கலன்னு மொத்தமாச் சாத்திடுவாங்க. வாரா வாரம் கூப்பிடுங்க. ஆனா ஒண்ணும் கேக்காதீங்க."

"கேக்காம என்ன பேசுறது?"

"அதென்ன மேடம், மனுஷங்க பேசிக்க மாட்டாங்களா? என் முட்டிவலியைக் கேளுங்க. உங்க பொண்ணு படிப்பைச் சொல்லுங்க."

கூட்டத்துக்கு முதல் நாள் நடந்ததை எல்லாம் இயக்குநரிடம் சொன்னாள். அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். "காரணம் எதுவா இருந்தா என்ன? ஜனங்க பயந்தது நிஜம். மூட்டை நிஜம். சிவப்பு சிவப்பாவே இருக்கட்டும். நம்ம போன்தான் காரணம்னு வெளியில தெரிஞ்சா, சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி என்பதுதான் மேடத்தைத் தூங்கவிடாமல் செய்தது. பயம் பொய்யாகப் பிறந்தாலும் இப்போது அது நிஜத் துப்பாக்கியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. மஞ்சள் என்று சொல்லி லாரி போய், எவனாவது ஒருவன் பயத்தில் சுட்டால் செத்துப்போகிறவன் ஒரு டிரைவர். சிவப்பு என்று சொன்னால் ஊசி மருந்தைப் பாதி பாதியாகப் போட்டுக்கொள்கிறவள் ஒருத்தி. இரண்டையும் எந்தத் தராசில் நிறுப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இயக்குநர் ஜன்னல் வழியாக எதிர் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் அவள் பேசினாள். இன்சூரன்ஸ் அதிகாரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "மேடம், கதையெல்லாம் எங்க சாஃப்ட்வேர்ல ஏறாது. கலர் சொல்லுங்க" என்றார்.

"மஞ்சள்."

"உங்க பொறுப்புலயா?"

"என் பொறுப்புல."

அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். அவ்வளவுதான். வாழ்நாள் தவறை ஒப்புக்கொண்டவளுக்கு ஒரு டீயைக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

முதல் லாரி புறப்பட்ட அன்று அவள் கல்லூரிக்கும் போகவில்லை, அலுவலகத்துக்கும் போகவில்லை. கணவர் கடையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இருட்டுவதற்குள் லாரி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எல்லை தாண்டினால் டிரைவரின் போன் வேலை செய்யாது. கேட்பதற்கு ஒரே ஒரு ஆள்தான், கேட்கக் கூடாத ஆளும் அவர்தான். அன்றைக்கு வாரப் போன் போடுகிற நாள் என்பது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, தண்டனையாகவும் இருந்தது. "கூப்பிடேன், உன் மூஞ்சியைப் பார்க்க முடியல" என்றார் கணவர். கூப்பிட்டாள்.

"முட்டிவலி எப்படிங்க இருக்கு?"

"அதை ஏன் கேக்குறீங்க" என்று சலூன்காரர் ஆரம்பித்தார். தைலம் போட்டது, மாத்திரை சாப்பிட்டது, நின்றுகொண்டே செய்கிற தொழிலில் முட்டி என்ன பாடுபடும் என்பது. மேடம் ம் கொட்டினாள். லாரி வந்ததா என்ற கேள்வி தொண்டையில் வந்து நின்றது, எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். மகள் கணக்கில் குறைந்த மார்க் வாங்கியதைச் சொன்னாள். என் பையனும் கணக்குல அப்படித்தான் என்றார் அவர். மருந்து கிடைத்ததா என்ற கேள்வி வந்தது, அதையும் விழுங்கினாள். மழை உண்டா என்று கேட்க நினைத்து, மழையைக் கேட்டால் சாலையைக் கேட்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று அதையும் விட்டாள். பிறந்ததிலிருந்து இத்தனை கேள்விகளை அவள் சேர்ந்தாற்போல் கேட்காமல் விட்டதே இல்லை.

"சரி மேடம், வச்சுடட்டுமா?" என்றார் சலூன்காரர். "ஒருத்தரு முகத்துல சோப்பைப் போட்டு உட்கார வச்சுட்டேன், காஞ்சுடும். உங்க பக்கத்து ஆளுதான், லாரி ஓட்டுறவரு. ஒரு வாரத் தாடி. சாய்ஞ்சு உட்கார்ந்தவரு அப்படியே கண் அசந்துட்டாரு."

மேடம் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைத்தெருவே பாதி ஷட்டரில் பதுங்கியிருக்கும் ஊரில், முன்பின் தெரியாத ஒருவரின் கத்திக்கு முன்னால் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு எந்த டிரைவரும் தூங்க மாட்டான்.

"எழுப்பாதீங்க" என்றாள். "மெதுவா ஷேவ் பண்ணி விடுங்க."

போனை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவர் அச்சைக் கீழே வைத்தார்.

"லாரி போய்ச் சேர்ந்துடுச்சாமா? கேட்டியா?"

"சேர்ந்துடுச்சு" என்றாள். "கேக்கல."